வண்டிக்கு வெளியே ஒரு சுவிட்ச்

என் வீட்டுக்காரர் சபரை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். வெளிநாட்டுக்குப் போய்ச் சம்பாதிப்பதை எங்கள் அதிராம்பட்டினத்தில் சபர் என்றுதான் சொல்வோம். மீசை கறுப்பாக இருந்தபோது போனவர், தாடி வெளுத்து வந்தார். உயிரோடு வந்து சேர்ந்தாரே, அல்ஹம்துலில்லாஹ், அது போதும் என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். வந்த பிறகுதான் தெரிந்தது, மனிதருக்குத் தூக்கம் வரவில்லை.

ஏதோ கொஞ்சம் தூக்கக் குறைச்சல் என்று நினைக்காதீர்கள். பொட்டுத் தூக்கம் கிடையாது. கட்டிலில் படுத்துப் பார்த்தார். தரையில் பாய் போட்டுப் பார்த்தார். மாடி அறை, மொட்டை மாடி, ஹால் சோபா, ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஏசி போட்டால் குளிருகிறது என்பார். அணைத்தால் சத்தமே இல்லாமல் என்னவோ மாதிரி இருக்கிறது என்பார். சத்தம் இல்லையென்றால் தூங்க வேண்டியதுதானே என்று கேட்டால், "அதான் வரலைங்கறேன்ல!" என்று எரிந்து விழுவார். பட்டுக்கோட்டை டாக்டர் மாத்திரை மேல் மாத்திரையாக எழுதிக் கொடுத்தார். பிரஷரும் இறங்கவில்லை, சர்க்கரையும் இறங்கவில்லை. இவர் தூங்க ஆரம்பித்தால்தான் மற்றதெல்லாம் வழிக்கு வரும், இப்படியே போனால் நான் பொறுப்பில்லை என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

இதில் என் பாட்டை யாரும் கேட்கவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து நான் தனியாகத் தூங்கிப் பழகியவள். கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டுக் கட்டிலின் நடுவில் கையைக் காலை நீட்டிப் படுத்தால் அடுத்த நிமிஷம் தூங்கிவிடுவேன். அவர் லீவில் வருகிற நாட்களில் மட்டும் தூக்கம் பிசகும். அவர் புரண்டால் எனக்கு விழிப்பு, இருமினால் விழிப்பு. சரி போகட்டும், இவர் கிளம்பின பிறகு சேர்த்து வைத்துத் தூங்கிக்கொள்ளலாம் என்று இருப்பேன். இப்போது கிளம்புகிற தேதி என்று ஒன்றே கிடையாது. பக்கத்தில் அந்த மனிதர் சீலிங்கைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். நான் மூச்சைச் சீராக விட்டுக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடப்பேன். பகலில் அடுப்புக்கு முன்னால் நின்றபடியே கண் சொக்கும்.

அடுத்த தெருவில் இருக்கிற என் மகள் வந்து பார்த்துவிட்டு, "உம்மா, நீங்க ஏன் இப்பிடிக் காஞ்ச கருவாடா ஆயிட்டீங்க?" என்று கேட்டாள். புருஷன் பக்கத்தில் படுத்தால் தூக்கம் வரவில்லை என்று பெற்ற மகளிடம் எப்படிச் சொல்வது? வயசாகுதுல்ல என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பேச்சு வந்தது. அவரோடு ஒரே அறையில் பல வருஷம் படுத்தெழுந்த கூட்டாளி ஒருவர், திருத்துறைப்பூண்டிக்காரர், இப்போது அங்கே தொழிலாளிகள் தங்குகிற கேம்ப்புக்குப் பொறுப்பாளராக இருக்கிறார். கேம்ப் வாசலில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரைப் பார்த்துக்கொள்கிற வேலை ஒன்று காலியாக இருக்கிறதாம். வயசு ஒரு தடையில்லை, மாதக் கடைசிக்குள் சரி என்று சொன்னால் விசாவுக்கு ஏற்பாடு செய்கிறேன் என்றாராம்.

"போயிட்டு வந்துரலாமான்னு பார்க்குறேன்," என்றார் என் வீட்டுக்காரர், சோற்றைப் பிசைந்துகொண்டே.

எனக்கு வந்ததே கோபம்! "உங்களுக்கு என்ன புத்தி பேதலிச்சுப் போச்சா? இந்த உடம்பை வச்சுக்கிட்டு அங்கன போயி என்ன செய்யப் போறீங்க? இத்தனை வருஷம் போனது பத்தலையா?"

"அங்கன போனாத் தூக்கம் வரும்மா."

இந்தத் தடவை போனால் இந்த உடம்பு நடந்து திரும்பி வராது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியாமல் இல்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு அடுக்களைக்குள்ளேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அழக்கூட அலுப்பாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு நாள் கொல்லையில் ஒரு வண்டி வந்து நின்றது. வயலில் பவர் டில்லருக்குப் பின்னால் கோத்து நாற்றுக்கட்டும் உர மூட்டையும் ஏற்றிப் போவார்களே, அந்தச் சின்ன டிரெய்லர். முத்துப்பேட்டைப் பக்கத்தில் ஒரு விவசாயி ஓரமாக ஒதுக்கிப் போட்டிருந்ததாம். இவர் எப்போது அதை வாங்கினார், எப்போது பட்டறையில் கொடுத்தார், ஒன்றும் எனக்குத் தெரியாது. நாலு பக்கமும் தகரம் அடித்து, கூரை போட்டு, ஒரு கதவும் ஒரு குட்டி ஜன்னலும் வைத்திருந்தார்கள். அடித்தட்டின் இடுக்கில் இன்னும் பதர் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க இது, கோழிக்கூடா?"

"கேரவன். அரபிங்க குளிர்காலத்துல பாலைவனத்துக்குப் போயி இதுலதான் தங்குவாங்க. நான் எத்தனை வண்டிக்கு வயரிங் பண்ணிக் குடுத்திருக்கேன் தெரியுமா? நாமளும் கார்ல கோத்துக்கிட்டு ஏற்காடு, மூணாறுன்னு போயிட்டு வரலாம்."

எங்களிடம் கார் கிடையாது. அதைச் சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வண்டி அவரை எப்படியோ கொஞ்சம் தெளிய வைத்திருந்தது. விடிந்ததும் அதைச் சுற்றி வருவார், தட்டிப் பார்ப்பார். விசாப் பேச்சை எடுக்கவில்லை. அந்த மட்டுக்கும் நிம்மதி, கோழிக்கூட்டோடு மல்லுக்கட்டட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

வீட்டில் கிடந்த பழைய இன்வெர்ட்டர் பேட்டரியை அதில் வைத்தார். கூரையில் ஒரு சோலார் பலகை. பட்டறைப் பையன்களை வைத்து உள்ளே ஒரு விளக்கும் குட்டி ஃபேனும் மாட்டினார். எல்லாம் சரி, ஆனால் பேட்டரி சொல்லிவைத்த மாதிரி இறங்கிப்போய்க் கிடக்கும். காரணம் இவர்தான். கேம்ப்பில் பகல் வேலைக்காரரும் ராத்திரி வேலைக்காரரும் ஒரே அறையில் இருப்பார்களாம். அதனால் அங்கே விளக்கு எந்த நேரமும் எரியும். அணைக்கிற பழக்கமே இவருக்கு இல்லை. போட்டது போட்டபடி வந்துவிடுவார்.

ஆகவே கட்-ஆஃப் சுவிட்ச் ஒன்று வாங்கி வந்தார். சிவப்புக் கைப்பிடி வைத்த உருண்டை சுவிட்ச். ஒரு திருகு திருகினால் பேட்டரியிலிருந்து போகிற மொத்தக் கரண்டும் நின்றுவிடும். வாங்கி வந்துவிட்டாரே தவிர, மாட்டக் கை வரவில்லை. சர்க்கரையால் விரல் நுனியெல்லாம் மரத்துவிட்டது. பிடித்த திருகாணி கையில் இருக்கிறதா, கீழே விழுந்துவிட்டதா என்பதைக் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். பட்டறைக்காரரோ அறுப்பு சீசனில் அறுப்பு மெஷின்களைப் பார்ப்பாரா, இவர் சுவிட்சைப் பார்ப்பாரா?

"நீ கொஞ்சம் கை குடு புள்ள. நான் சொல்லச் சொல்லச் செஞ்சாப் போதும்."

"எனக்கு வேற வேலை இல்லை பாருங்க!"

சொன்னேனே தவிரப் போனேன். சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தெருவுக்குப் பின்னால் குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. மெஷின் சத்தமும் வைக்கோல் தூசியும் கொல்லை வரைக்கும் வந்தன. முந்தின ராத்திரியும் தூங்கவில்லை. கண்ணில் மணல் போட்ட மாதிரி அரித்தது.

"முதல்ல மைனஸைக் கழட்டணும். கறுப்பு வயரு. அதைக் கழட்டுன பொறகுதான் சிவப்பைத் தொடணும்."

"தெரியுது, தெரியுது."

தெரியவில்லை. காது கேட்டது, கை கேட்கவில்லை. ஸ்பேனரைக் கொண்டுபோய்ச் சிவப்பு வயர் நட்டில் போட்டேன். அதன் வால் பக்கத்துத் தகரத்தில் பட்டது. படார் என்று ஒரு பொறி! ஸ்பேனர் எகிறிப் போய் விழுந்தது. நான் "யா அல்லாஹ்!" என்று அலறிவிட்டேன்.

"அறிவில்லையா உனக்கு? கறுப்புன்னு சொன்னேன்ல!" என்று கத்தினார். கத்திக்கொண்டே என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். சுட்டிருக்கிறதா என்று தடவினார். அவர் விரலுக்குச் சூடும் தெரியாது, கொப்பளமும் தெரியாது. அதனால் என் உள்ளங்கையைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அவர் அப்படி என் கையைப் பிடித்து எத்தனை காலம் ஆயிற்றோ. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. விடுங்க, ஒண்ணும் ஆகலை என்று கையை இழுத்துக்கொண்டேன்.

பிறகு ஒழுங்காகச் செய்தேன். கறுப்பைக் கழற்றி ஓரமாக வளைத்து வைத்தேன். சிவப்பு வயரின் தோலை உரித்து, செம்புக் கம்பியை முறுக்கி, லக் என்கிற சின்னக் குப்பிக்குள் நுழைத்து, இடுக்கி மாதிரி ஒரு கருவியால் நசுக்கினேன். இழுத்துப் பார்க்கச் சொன்னார். இழுத்தேன், கழன்று கையோடு வந்தது. மறுபடியும் உரித்து, மறுபடியும் நசுக்கி, இந்தத் தடவை இரண்டு கையாலும் இழுத்தேன். வரவில்லை. பேட்டரியிலிருந்து ஃபியூசுக்கு, ஃபியூசிலிருந்து சுவிட்சுக்கு, சுவிட்சிலிருந்து உள்ளே விளக்குக்கும் ஃபேனுக்கும். அவ்வளவுதான் வேலை. அதற்கே இடுப்பு விட்டுப்போயிற்று.

சுவிட்சை எங்கே வைப்பது என்பதில் ஒரு சண்டை. உள்ளே படுத்த இடத்தில் கை எட்டுகிற மாதிரி வையுங்கள் என்றேன். முடியவே முடியாது, வெளியேதான் என்றார். கேம்ப்பில் ஒரு தடவை பக்கத்து அறையில் வயர் பற்றிக்கொண்டதாம். உள்ளே இருந்தவர்களுக்குப் புகையில் கண் தெரியவில்லை. வெளியே சுவிட்ச் இருந்ததால் யாரோ ஒருவர் ஓடிவந்து நிறுத்தினாராம். அதை அவர் அதற்கு முன்னால் என்னிடம் சொன்னதே இல்லை. எத்தனை போன் பேசியிருப்போம்! நான் சாப்பிட்டீங்களா என்பேன், அவர் சாப்பிட்டேன் என்பார்.

வயரை உள்ளே இழுத்து வாங்குவதற்காகக் கதவைத் திறந்து ஏறினேன். அதுவரை நான் உள்ளே போனதில்லை. ஒரு பக்கம் சுவரோடு சேர்த்து ஒரு பலகை. ஒரு ஆள் மல்லாந்து படுக்கிற அகலம், அதற்கு மேல் ஒரு சாண் கிடையாது. பலகையை மறைக்க ஒரு கம்பியில் திரைச்சீலை. தலைமாட்டில் துண்டு போட ஒரு கொடிக்கயிறு. காலடியில் பெட்டி தள்ளுகிற இடம். கேம்ப்பில் அவர் இருந்த இடத்தைப் போட்டோ எடுத்து எப்போதோ அனுப்பியிருக்கிறார். திரைச்சீலையின் நிறத்தைத் தவிர எல்லாம் அதேதான்.

இறங்கி வந்தேன். "ஏங்க, ஏற்காட்டுக்குப் போனா நான் எங்கன படுக்குறது? கூரை மேலயா?"

அவர் திருகாணியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"அவ்வளவு பெரிய வீடு, அத்தனை ரூமு, உங்க காசுலதானே கட்டுனது? அதுல இல்லாதது இந்தத் தகரப் பெட்டிக்குள்ள என்னத்தைக் கண்டீங்க?"

"அது உன் வீடும்மா."

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருக்க வேண்டும். நாங்கள் இருக்கிற வீடு என் வாப்பா எனக்குக் கொடுத்தது. அதை இடித்துப் பெரிதாக எழுப்பியது இவர் சம்பாத்தியம். மகளுக்குக் கட்டிக் கொடுத்ததும் இவர் சம்பாத்தியம். இரண்டும் இவர் பெயரில் இல்லை. இது இங்கே ஒரு பேச்சே கிடையாது, எல்லா வீட்டிலும் இப்படித்தான். அதனால் அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"என்ன, குத்திக் காட்டுறீங்களா?"

"குத்திக் காட்டலை. நல்ல வீடுதான். லீவுல வந்து இருக்குறதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு." திருகாணியை என் கையில் கொடுத்துவிட்டு, "பெரிய ரூம்ல படுத்தா எனக்கு யாரு வீட்டுலயோ படுத்த மாதிரி இருக்கும்மா. இதுல படுத்துப் பார்க்குறேன். இதுலயும் தூக்கம் வரலைன்னா கேம்ப்புக் கூட்டாளிகிட்டச் சரின்னு சொல்லிடறேன்," என்றார்.

கடைசி நட்டைப் போட்டு முறுக்கினேன். இருந்த ஆத்திரத்தில் அது நன்றாகவே இறுகியது. கறுப்பு வயரைப் பூட்டினேன். சிவப்புக் கைப்பிடியைத் திருகினேன். உள்ளே ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது. "வேலை செய்யுது!" என்று சத்தம் போட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கே தலையணையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார். தெரிந்தால் ஊர் என்ன பேசும்? மாப்பிள்ளையைத் தகரக் கொட்டகையில் படுக்க வைத்திருக்கிறாள் என்று என்னைத்தான் கிழிகிழி என்று கிழிப்பார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். யாரிடமும் வாதாட எனக்குத் தெம்பில்லை.

மறுநாள் கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் ஏறியிருந்தது. விடியற்காலை சுபுஹு பாங்கு சொன்னது காதில் விழவில்லை. எந்தக் காய்ச்சலிலும் நான் சுபுஹைத் தவறவிட்டதில்லை. கட்டிலின் நடுவில் கையைக் காலை நீட்டிப் போட்டுக் கிடந்தேன். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. சரேலென்று எழுந்து கொல்லைக்கு ஓடினேன்.

வண்டிக்கு வெளியே அந்தச் சிவப்புக் கைப்பிடி ஆஃபில் நின்றது.

யார் நிறுத்தியது? நான்தான். அவர் வெளிநாட்டில் இருந்த காலமெல்லாம் எனக்கு ஒரு வழக்கம். தனியாக இருக்கிற பொம்பளை அல்லவா, ராத்திரி இஷா தொழுதபின் வீட்டைச் சுற்றி ஒரு நடை போவேன். கேட்டைப் பூட்டி, கேஸை மூடி, மோட்டார் சுவிட்சை அணைத்து, கொல்லை விளக்கை அணைத்து, எதெல்லாம் ஓடுகிறதோ அதையெல்லாம் நிறுத்திவிட்டுத்தான் வந்து தாழ் போடுவேன். முந்தின நாளும் அப்படியே சுற்றி வந்திருக்கிறேன். வண்டிப் பக்கம் போனபோது கை தானாக அதையும் திருகிவிட்டிருக்கிறது. உள்ளே ஆள் இருப்பது என் நினைவிலேயே இல்லை.

கொசுவுக்குப் பயந்து ஜன்னலையும் சாத்தியிருப்பார். அந்தப் புழுக்கத்தில் காற்றில்லாத தகரப் பெட்டிக்குள் ஒரு பிரஷர்காரர். கதவைப் படபடவென்று தட்டினேன். "ஏங்க! ஏங்க!" உள்ளே சத்தமே இல்லை. இரண்டு கையாலும் அடித்தேன்.

தாழ் விலகியது. பனியன் தொப்பலாக நனைந்து ஒட்டியிருக்க, கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார். கன்னத்தில் தலையணை மடிப்பு ஆழமாகப் பதிந்திருந்தது.

"என்னம்மா, எதுக்கு ஊரைக் கூட்டுற?"

"நான் பாவி, சுவிட்சை நிறுத்திட்டேங்க. ஃபேன் நின்னப்பக் கூப்பிட்டிருக்கலாமே!"

"நீயா நிறுத்துனே?" என்று சுவிட்சைப் பார்த்தார். "நடுவுல முழிச்சேன். ஒரே இருட்டு. கேம்ப்ல ஜெனரேட்டர் நின்னுடுச்சுன்னு நெனைச்சேன். அங்கன அப்பிடித்தான், நிக்கும், வரும். சரி வந்துரும்னு கெடந்தேன். அப்பிடியே தூங்கிட்டேன் போல." சொல்லிவிட்டு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. "தூங்கிட்டேன்மா. நல்லாத் தூங்கிட்டேன்!"

வண்டியின் இழுவைக் கம்பியில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீ தூங்குனியா?"

இல்லை, நீங்கள் இல்லாமல் எப்படித் தூக்கம் வரும் என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லவும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது. "தூங்கிட்டேங்க. சுபுஹுகூடப் போயிருச்சு."

மனிதர் முகம் வாடும் என்று பார்த்தேன். வாடவில்லை.

"நெசமா?"

"நெசமாத்தான்."

"நான் வந்ததுலேருந்து நீ தூங்கலை. தூங்குற மாதிரி மூச்சு விடுவே. ரூம் நெறைய ஆளுங்களோட படுத்தவன் நான். எது தூக்கம், எது நடிப்புன்னு எனக்குத் தெரியாதா? வேலை இருக்குன்னு கூட்டாளி ஒண்ணும் தானாக் கூப்பிடலை. ஏதாச்சும் இருந்தாப் பாருடான்னு நான்தான் கேட்டேன். எனக்குத் தூக்கம் வராட்டிப் போகுது, நான் அங்கன போயிட்டா நீயாச்சும் தூங்குவேல்ல."

கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. அதைத் துடைக்காமலே சண்டைக்குப் போனேன். "அதை வாயைத் தொறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"நீ சொன்னியா?"

நான் சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீ போட எழுந்து போனேன். அடுக்களையில் வழவழவென்று கல் பதித்த மேடை, சுவர் நிறைய அலமாரி, எல்லாம் அவர் அங்கே உழைத்து அனுப்பியதில் வந்தவை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு நின்றேன். ஜன்னலுக்கு வெளியே அவர் கூட்டாளிக்குப் போன் போட்டுப் பேசுவது கேட்டது.

"இல்லப்பா, நான் வரலை. வேற ஆளைப் பார்த்துக்க. எனக்கு இங்கேயே ஒரு ரூம் கெடைச்சிருச்சு."